சர்டிபிகேட் இருக்கா?

மாதம் 5ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். அதனால் 2, 3 தேதிகளில் என் மேஜைப் பக்கம் யாரும் தலை காட்ட மாட்டார்கள். வருகைப் பதிவேடு ஒரு பக்கம், ஓ.டி. சீட்டுகள் ஒரு பக்கம், அட்வான்ஸ் நோட்டு ஒரு பக்கம் என்று பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் 22 வருடமாக இதுதான் என் வேலை. யாருக்கு எவ்வளவு, எந்த மாதம் ஏறியது, யார் சண்டை போட்டு வாங்கினார், யார் கேட்கக் கூச்சப்பட்டே வருடங்களைக் கடத்தினார் என்பதெல்லாம் முதலாளிக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.

போன மாதம் இப்படிக் கணக்கில் மூழ்கியிருந்தபோது அக்கா மகள் போன் செய்தாள். எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். தொழிற்பயிற்சி பற்றி ப்ராஜெக்ட்.

"சித்தி, உங்க கம்பெனியில ஐ.டி.ஐ. முடிச்சவங்களுக்கும் முடிக்காதவங்களுக்கும் சம்பளத்துல எத்தனை பர்சென்ட் வித்தியாசம் வரும்?"

பெயர் எதுவும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். விடை தலைகீழாக வந்தது. படிக்காதவர்களின் சராசரிதான் கூடுதல்! அவளிடம் சொன்னதும் சிரித்தாள். "உங்ககிட்ட படிக்காதவங்க எல்லாம் பழைய ஆளுங்க சித்தி. ஒரே வயசு, ஒரே அனுபவம் இருக்கிறவங்களை வச்சுப் பார்க்கணும்." அப்படிப் பார்த்தாலும் சிக்கல் தீராதாம். இரண்டு வருடம் மகன் சம்பாதிக்காமல் இருந்தாலும் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ள வீடுதான் பையனை ஐ.டி.ஐ.க்கு அனுப்புகிறது. அந்த வீட்டுப் பையன் நாளை நன்றாகச் சம்பாதித்தால் அது பயிற்சியாலா, வீட்டாலா? யோசிக்க வேண்டிய விஷயம்தான். சம்பளம் போடுகிற எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

அவள் கேட்டது ஒரு சதவீதம். எனக்கு நினைவுக்கு வந்தது இரண்டு பேர்.

ஒருவரை நாங்கள் லேத் அண்ணன் என்போம். என்னைவிட மூன்று வயது இளையவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அண்ணன். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். முதல் இரண்டு வருடம் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கியதும் டீ வாங்கி வந்ததும்தான் வேலை. அப்புறம் யாரோ ஒருவர் லீவு போட்ட நாளில் மெஷினில் நின்றார். இன்று கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் சி.என்.சி. மெஷினின் கதவு மூடியிருக்கும்போதே, நாலு மெஷின் தள்ளி நின்றபடி, "அந்த இன்சர்ட் போயிடுச்சுப்பா, மாத்து" என்பார். கதவைத் திறந்து பார்த்தால் இன்சர்ட்டின் வெட்டும் முனை மழுங்கியிருக்கும். எப்படித் தெரிந்தது என்று நான் ஒரு முறை கேட்டேன். "சத்தம் தேய்ஞ்சு வருதுல்ல" என்றார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான்.

இன்னொருவன் 2018இல் வந்த ஐ.டி.ஐ. தம்பி. டர்னர், அதாவது லேத் ஓட்டும் தொழில், இரண்டு வருடப் படிப்பு. வந்த புதிதில் அவனை வைத்துக் கேலி நடக்காத நாளே கிடையாது. கற்றது பழைய லேத்தில். இங்கே இருந்ததோ சி.என்.சி. மூன்றாவது வாரமே ஆஃப்செட்டை, அதாவது டூலுக்கான அளவை, தப்பாகப் போட்டு டூலைக் கொண்டுபோய் ஜாபில் இடித்துவிட்டான். அந்தச் செலவையும் நான்தான் நோட்டில் எழுதினேன். அவனுக்கு அப்போது 13,500, அண்ணனுக்கு 16,500. நியாயம்தான் என்று நானும் நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு புது ஆர்டர் வந்தது. டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு அண்ணன் வெகுநேரம் நின்றார். அளவுகள் புரிகின்றன. ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் குறிகளும் கீழே ஆங்கிலத்தில் உள்ள குறிப்புகளும் புரியவில்லை. தம்பி எட்டிப் பார்த்து, "இந்த ஓட்டை அந்த முகத்துக்கு இவ்வளவுக்கு மேல சாயக்கூடாதுன்னு போட்டிருக்காங்கண்ணா" என்றான். அவன் படித்தபோது ஐ.டி.ஐ.யில் டிராயிங் தனிப் பாடம், ஒர்க்‌ஷாப் கணக்கு தனிப் பாடம். கேலி அன்றோடு நின்றது. அதற்குப் பின் இருவரும் ஒரு மாதிரி ஜோடி சேர்ந்துகொண்டார்கள்: தம்பி படித்துச் சொல்வான், அண்ணன் ஓட்டிக் காட்டுவார். நான்கு வருடத்தில் தம்பி ஆபரேட்டரிலிருந்து செட்டர் ஆனான். இந்த வேலையில் சம்பளம் ஏறும் இடம் அதுதான். பட்டனை அழுத்தி ஜாபை மாற்றுகிறவன் ஆபரேட்டர். புது ஜாபுக்கு மெஷினைத் தயார் செய்கிறவன் செட்டர்.

2022இல் தம்பி ஒரகடம் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போய்விட்டான். எங்களிடம் வாங்கியது 19,000. அங்கே 27,000, பஸ், கேன்டீன் சாப்பாடு. முதலாளி மூவாயிரம் ஏற்றித் தருவதாகச் சொல்லியும் நிற்கவில்லை. அந்த மாதம் முதலாளிக்குக் கொஞ்சம் பயம் வந்து, மற்றவர்களுக்கும் ஏற்றச் சொன்னார். பட்டியலை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் பெயர் வந்ததும், "ஆயிரம் போடும்மா, போதும். அவன் எங்க போயிடப் போறான்?" என்றார்.

அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணனும் போய்ப் பார்த்தார் என்பதை அடுத்த வாரம்தான் அறிந்தேன். தம்பியே சொல்லி, அதே மாதிரி ஒரு இடத்துக்கு நேர்முகத்துக்குப் போயிருக்கிறார். அரை நாள் லீவு. என்னிடம் சொன்ன காரணம், மகளுடைய பள்ளியில் மீட்டிங். உள்ளே கூப்பிடும் முன்பே, வாசலில் பாரம் வாங்கிய பையன் கேட்டானாம், "என்.டி.சி. இருக்கா?" என்.டி.சி. என்பது ஐ.டி.ஐ. முடித்தால் தரும் தேசியத் தொழிற்சான்றிதழ். அண்ணன், "17 வருஷம் மெஷின்ல நிக்கிறேன் தம்பி, வேணும்னா ஓட்டிக் காட்டுறேன்" என்றிருக்கிறார். "சர்டிபிகேட் இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க." திரும்பி வந்துவிட்டார். மறுநாள் என் மேஜைக்கு வந்து, "அக்கா, எனக்கு ஒரு சர்டிபிகேட் டைப் பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார். லெட்டர்ஹெட்டில் அனுபவக் கடிதம் அடித்துத் தந்தேன். முதலாளி கையெழுத்துப் போட்டார், யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான். அந்தக் கடிதம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் செல்லும். அதைத் தாண்டிச் செல்லாது.

இதை அக்கா மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உகாண்டாவில் நடந்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 2020இல் வெளிவந்தது. வேலை இல்லாத இளைஞர்களில் ஒரு பகுதியினரைப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள், இன்னொரு பகுதியினரை நேராகக் கடைகளிலும் பட்டறைகளிலும் வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு பேருமே தொழில் கற்றார்கள். இரண்டு பேருக்கும் பலன் இருந்தது. ஆனால் காலம் போகப் போகப் பயிற்சி நிலையத்தில் படித்தவர்களின் கைதான் ஓங்கியது. காரணம், அவர்கள் கற்றதற்குச் சான்று இருந்தது. ஒரு வேலை போனால் இன்னொன்றைப் பிடித்தார்கள். பட்டறையில் கற்றவரின் திறமை அந்தப் பட்டறைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு என் அப்பா நினைவு வந்துவிட்டது. வடசென்னையில் ஒரு மில்லில் 24 வருடம் தறி ஓட்டியவர். இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போடுவார். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது மில்லை மூடினார்கள். மறு வருடம் அவர் ஒரு குடோனில் வாட்ச்மேன். அந்த 24 வருடத்துக்கு மதிப்பு மில் சுவருக்குள் மட்டும்தான் இருந்தது. சுவர் போனதும் அதுவும் போயிற்று.

அதனால்தான் +2 முடித்த கையோடு என்னை டைப்ரைட்டிங்கில் சேர்த்தார்கள். வில்லிவாக்கத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடி, காலை 6 மணி பேட்ச். வரிசையாக ரெமிங்டன் மெஷின்கள். சுண்டு விரலுக்கு வலுவே இருக்காது. 'ஏ' மட்டும் மங்கலாக விழும், மாஸ்டர் அதை வட்டம் போட்டுக் காட்டுவார். லோயர் பரீட்சைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. பரீட்சை ஹாலில் எல்லா மெஷினும் ஒன்றாக ஆரம்பிக்கும்போது தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல இருக்கும். தமிழும் ஆங்கிலமும் முடித்தேன். அந்த இரண்டு காகிதத்தை வைத்துத்தான் தம்பு செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் 1,500 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. கூடப் படித்த, என்னைவிட நல்ல மார்க் வாங்கிய பெண்கள் இருவர் அப்போது ஜவுளிக் கடையில் 900 ரூபாய்க்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்புறம்? ஐந்தே வருடத்தில் எல்லா ஆபீசிலும் கம்ப்யூட்டர் வந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 2009இல் டைப்ரைட்டர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. விரல் பழகியிருந்ததால் கீபோர்டில் தப்பித்தேன். இருந்தாலும் இந்த வேலைக்கு வரும்போது முதலாளி கேட்டது, "டேலி தெரியுமா?" அந்தக் கணக்கு சாஃப்ட்வேருக்கு மூன்று மாதம், அண்ணாநகரில், மாலை வகுப்பு. இன்றும் டி.என்.பி.எஸ்.சி. டைப்பிஸ்ட் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், அதனால் இன்ஸ்டிட்யூட்டுகள் உயிரோடு இருக்கின்றன. மற்றபடி ஒரு கைத்தொழிலுக்கு ஆயுள் உண்டு என்பதை நான் என் விரலிலேயே பார்த்தவள். 11 நாடுகளின் விவரங்களை வைத்து 2017இல் வந்த ஒரு ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறதாம். தொழிற்கல்வி படித்தவர்களுக்குத் தொடக்கத்தில் வேலை சுலபமாகக் கிடைக்கிறது. வயது ஏறி, தொழில்நுட்பம் மாறும்போது பொதுக்கல்வி படித்தவர்கள் முந்துகிறார்கள்.

பயிற்சி கொடுத்தால் வேலை கிடைத்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு அவள் காட்டிய இன்னொரு கணக்கையும் காட்ட வேண்டும். வளரும் நாடுகளில் நடந்த பயிற்சித் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், 100 பேருக்குப் பயிற்சி அளிக்கும்போது, பயிற்சி இல்லாவிட்டால் கிடைத்திருக்காத வேலையைப் பெறுகிறவர்கள் மூன்று பேருக்கும் குறைவு. மூன்று! கேட்டதும் எனக்குத் திக்கென்றது. மீதிப் பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள் என்பதல்ல பொருள். அவர்களில் பலருக்குப் பயிற்சி இல்லாமலும் ஏதோ ஒரு வேலை கிடைத்திருக்கும், சிலருக்குப் பயிற்சி இருந்தும் கிடைக்கவில்லை. சில இடங்களில் கதை வேறு. டெல்லியின் குடிசைப் பகுதிகளில் பெண்களுக்கு ஆறு மாதத் தையல் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், பயிற்சிக்குத் தேர்வான பெண்களின் மாத வருமானம் தேர்வாகாதவர்களுடையதைவிட 150 சதவீதம் அதிகமாக இருந்தது. தொடக்கத்தில் வருமானமே அநேகமாக இல்லை என்பதால் சதவீதம் பெரிதாகத் தெரியும், அது வேறு. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, பயிற்சியை முடிக்காமல் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று பார்த்ததுதான். மையம் தூரம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கொரட்டூரில் எங்கள் எதிர் பிளாட்டுப் பெண் ஆரி ஒர்க் வகுப்பைப் பாதியில் விட்டதும் இதே காரணத்துக்குத்தான்.

இந்தியாவில் 15 முதல் 29 வயதுக்காரர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது. முறைசாராமல் கற்றவர்கள் 16.6 சதவீதம். அதாவது ஒரு ஐ.டி.ஐ. தம்பிக்கு நாலு லேத் அண்ணன்.

இங்கே அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000. பழைய லேத்தில் கற்று சி.என்.சி.யில் முட்டிக்கொள்ளும் நிலைமையை மாற்ற, 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. எங்கள் ஷாப்புக்குப் போன வருடம் வந்த இரண்டு பையன்களிடம் ப்ரோக்ராம் பற்றிப் பேச முடிந்தது. ஐ.டி.ஐ. தம்பி வந்த காலத்தில் அது நடக்காது.

என் வயிற்றெரிச்சல் அதற்கு அடுத்த படியில். அப்ரன்டிஸ். 1961ஆம் வருடத்துச் சட்டம். 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். எங்கள் முதலாளி வெகுகாலம் பட்டியலை 28க்கு மேல் போகவிடவில்லை. ஒப்பந்தக்காரர் ஆட்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று நான் சொன்னபோது பேச்சை மாற்றினார். பிறகு, நல்ல பையன்களை முதலில் பார்த்துப் பிடிக்க இதுதான் வழி என்று யாரோ சொன்னபின் தானாகவே எடுக்க ஆரம்பித்தார். ஐ.டி.ஐ. முடித்து அப்ரன்டிஸாக வருகிறவருக்கு 2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000. எங்கள் முதலாளி குறைந்தபட்சம் என்பதை அதிகபட்சம் என்று படிப்பார். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது. அம்பத்தூரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்து, மெஸ்ஸில் இரண்டு வேளை சாப்பிட்டால் அந்த 7,000 இருபதாம் தேதியைப் பார்க்காது. போன ஆகஸ்டில் சேர்ந்த பையன் மூன்றே மாதத்தில் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டான். கடைசி நாள் கணக்கு முடிக்க வந்தவனிடம், "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா சர்டிபிகேட் வருமேப்பா" என்றேன். "வண்டி டியூ இந்த மாசம் கட்டணும்க்கா" என்றான். என்ன பதில் சொல்வது? அவன் கணக்கும் சரிதான்.

அண்ணன் விஷயத்திலும் இப்படி ஒரு காகிதச் சுவர் உண்டு. ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 2017லிருந்து 21,000. அவருடைய மனைவிக்கு அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். ஒவ்வொரு ஏப்ரலிலும் முதலாளி கரிசனத்தோடு சொல்வார், "இதுக்கு மேல ஏத்துனா ஈ.எஸ்.ஐ. போயிடும்ப்பா." இன்று அவர் சம்பளம் 20,900. கரிசனம் உண்மையா, சாக்கா என்று 22 வருடம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

தொழில் கற்றுக்கொள் என்று நம் வீடுகளில் சொல்லத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. என் பெரியப்பா மதுராந்தகம் பக்கம் கிராமத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 1953இல்தான் ராஜாஜியின் அந்தத் திட்டம் வந்தது. மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது. மறு வருடம் காமராசர் வந்து கைவிட்டார். பெரியப்பா சாகும்வரை, "அரை நாள் படிப்பு" என்றாலே கெட்ட வார்த்தை சொல்வார். கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்காமல், சாதி பார்க்காத கைவினைத் திட்டம் ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்ததற்குப் பின்னாலும் இதே நினைவுதான். யாருடைய பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி, யாருடைய பிள்ளைக்குக் காலேஜ் என்ற கேள்வி இங்கே சும்மா வரவில்லை.

இதையெல்லாம் ஒரு நாள் டீ நேரத்தில் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் சாவகாசமாக டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இவ்வளவு சொல்றீங்களே, உங்க பையனை ஐ.டி.ஐ.ல சேர்ப்பீங்களா?" என்றார். என் பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். கடன் வாங்கித்தான் கட்டுகிறேன். நான் சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்தார். அவர் மகள் +2 படிக்கிறாள். அவளுக்கும் இன்ஜினியரிங்தானாம்.

அக்கா மகள்தான் விசாரித்துச் சொன்னாள்: வேலை அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி, ஐ.டி.ஐ.க்குப் போகாமலே என்.டி.சி. வாங்க வழி இருக்கிறது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். டர்னருக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். அவர் ஒன்பதில் நின்றவர். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நேற்று 3ஆம் தேதி. யாரும் வராத நாளில் அவர் வந்து நின்றார். கையில் மகளுடைய பழைய அறிவியல் புத்தகம், மேல் அட்டையில் கூலன்ட் எண்ணெய்க் கறை. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பதிந்துவிட்டாராம். தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் போக வேண்டும், அதற்கு லீவு வேண்டும்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலக்கா. சனிக்கிழமை போய்க் கேட்டாத்தான் சொல்வாங்க."

லீவு நோட்டை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். முதலாளி அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணு ஸ்கூல்ல மீட்டிங்னே போடுங்க" என்றார்.